ரெட்டைக்குழலின் கனம்

சத்தியம். வனப்பேச்சி மேல் சத்தியம், என் இரண்டு கண் மேல் சத்தியம், இடது கண்ணில் புரை விழுந்திருப்பதால் வலது கண் மேல் இன்னொரு தடவையும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் இந்தப் பெஞ்சு இப்போதே என்னோடு சேர்ந்து முறியட்டும். முறியவில்லை, பார்த்தீர்களா. கிரீச் என்றது, அவ்வளவுதான், அதுவும் என்னைப் போலவே முறைக்குக் காத்திருக்கிற தொட்டப்பன் பக்கத்தில் தொடையை மாற்றிப் போட்டதால். போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் கிடக்கிற பெஞ்சு எத்தனையோ பொய்ச்சத்தியத்தைத் தாங்கியிருக்கும், மெய்ச்சத்தியம் அதற்குப் புதுசு, அதனால்தான் கிரீச். மணி பத்தே கால். மடியில் துப்பாக்கி, தோட்டாப் பெட்டியோடு சேர்த்து என் பெண்டாட்டி காமுத்தாயின் பழைய சுங்குடிச் சேலையில் சுற்றியது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற எல்லாரும் ஸ்டேஷனில் கொண்டுவந்து ஒப்படைக்கவேண்டும், ஓட்டு எண்ணி முடித்த பிறகு வாங்கிக்கொள்ளவேண்டும், இது எல்லாத் தேர்தலுக்கும் உள்ள வழக்கம்தான். முன்பெல்லாம் ரைட்டர் ஏட்டு நம்பரைப் பார்ப்பார், கழுத்தில் அட்டை கட்டுவார், விளக்குமாற்றைச் சாத்துகிற மாதிரி மூலையில் சாத்துவார். இந்தத் தடவை புது எஸ்.ஐ. அம்மா. மாவட்டத்திலிருந்து ஆர்மரரை வரவழைத்திருக்கிறார்கள், ஆயுதம் பழுதுபார்க்கிற போலீஸ்காரர், ஒவ்வொரு துப்பாக்கியையும் மடக்கிக் குழலுக்குள் டார்ச் அடித்து, இது சுட்டதா சுடாததா என்று ஜாதகம் சொல்லிவிடுவாராம். கடக். அதோ, உள்ளே ஒன்று மடங்குகிறது. ஒவ்வொரு கடக்குக்கும் சேலை முடிச்சை இறுகப் பிடித்துக்கொள்கிறேன். ஏனென்றால் என் துப்பாக்கி சுட்டதே இல்லை. சொல்லிவிட்டேன். முப்பத்தைந்து வருஷமாக ஊருக்கு நான் சிறுத்தை சுட்ட வீரணன், என் துப்பாக்கி ஒரு சிட்டுக்குருவியைக்கூடச் சுட்டதில்லை. சுட்டேன் என்றால் ஜெயில், சிறுத்தையைத் தொடக்கூடாது என்று சட்டம் வந்து எத்தனையோ வருஷமாகிறது. சுடவில்லை என்றால் இந்த வராந்தாவே சிரிக்கும், பதினோரு நாளில் வருகிற சித்திரைத் திருவிழாவில் முதல் பரிவட்டம் என் தலையை விட்டுப் போகும். இரண்டில் எது? பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன். ஆர்மரர் வாய் திறப்பதற்கு முன் நானே சொல்லிவிடுவேன். எழுபத்துநாலு வயதில் ஒரு நாளாவது.

சேலை வழியாக இரும்பு தொடையில் குளிர்கிறது. இந்தக் குளிர் எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே பழக்கம். அப்போது அப்பா ஏலத்தோட்டத்தில் கவாத்து வேலை பார்த்தார். தோட்டத்து மானேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார், காலில் சுளுக்கு, ஒரு கையில் தடி, இன்னொரு கையில் தொப்பி. மூன்றாவது கை இல்லாததால் என்னைப் பார்த்து, "டேய், இதைப் பிடி," என்றார். ரெட்டைக்குழல் துப்பாக்கி. ஜீப்பிலிருந்து பங்களா வாசற்படி வரைக்கும் இருபது அடி நடந்தேன், எண்ணிக்கொண்டே. நீங்கள் நம்பவேண்டும், அன்றைக்கு இருந்த பனியில் துண்டைத் தூக்கிப் போட்டால் விழாது, அப்படியே தொங்கும். அந்தப் பனிக்குள் என் கையில் ஒரு கனம். சுமை இல்லை, கனம். சுமை என்றால் இறக்கிவைக்கத் தோன்றும். இதை இறக்கிவைக்கச் சொன்னபோது கை வரவில்லை. மானேஜர் பிடுங்கிக்கொண்டார். உள்ளங்கையில் எண்ணெய் வாசனை, கொஞ்சம் கந்தக வாசனை. அன்று ராத்திரி அந்தக் கையால் சாப்பிடவில்லை, இடது கையால் சாப்பிட்டு அப்பாவிடம் அறை வாங்கினேன். அந்த இருபது அடியை இருபத்தேழு வருஷம் நடந்தேன். கலெக்டர் ஆபீசுக்கு ஏழு மனு. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று எழுதவேண்டும், ஆசை என்று எழுதினால் கொடுக்கமாட்டார்கள். எங்கள் குழிவெட்டு மேட்டில் இரண்டு ஏக்கர் ஏலம், ஒரு ஏக்கர் மரவள்ளி, பன்றி உண்டு, பன்றி உண்டு என்று எழுதினேன். ஒரு தடவை தாசில்தார் நேரில் வந்து பார்த்தார், அன்றைக்கென்று ஒரு பன்றி வரவில்லை, பன்றிக் காலடி மாதிரி விரலால் நானே மண்ணில் குத்திக் காட்டினேன். காமுத்தாயைப் பெண் பார்க்கப் போனபோது மாப்பிள்ளைக்கு என்ன ஆசை என்று அவள் சித்தப்பா கேட்டார், துப்பாக்கி என்றேன், கூடத்தில் காப்பி டம்ளர் எல்லாம் அந்தரத்தில் நின்றன.

கடக். ஆறாவது ஆள். நான் பதினோராவது. ஏழாவது மனுவுக்கு லைசென்ஸ் வந்தது, துப்பாக்கியை மதுரையில் போய் வாங்கினேன், பஸ்ஸில் கொண்டுவந்தேன், கண்டக்டர் எழுந்து இடம் கொடுத்தார். வீட்டில் விளக்கேற்றிச் சந்தனம் வைத்து மடியில் கிடத்தினேன். கிடத்தினேனா, கிடந்தது. அவ்வளவுதான். நான் காத்திருந்தேன், அந்தக் கனம் வரும் என்று. தூக்கிப் பார்த்தேன், இறக்கினேன், மறுபடி தூக்கினேன். தண்ணீர்க் குழாய் இரண்டை ஒரு கட்டையில் கட்டிய மாதிரி இருந்தது. காமுத்தாய் எட்டிப் பார்த்து, "இதுக்கா இருபத்தேழு வருசம்?" என்றாள். அவள் அப்போது கேட்டது இப்போதும் கேட்கிறது, உள்ளே மின்விசிறி கிறுகிறுவென்று அதையே கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒருவேளை சுட்டால் கனம் வரும் என்று நினைத்தேன். விடியற்காலை மேட்டில் பலாமரத்துக் கிளையில் ஏறி உட்கார்ந்தேன். பன்றி வந்தது, இந்தத் தடவை நிஜப் பன்றி, பின்னால் ஐந்து குட்டி, வரி வரியாய். குறிவைத்தேன். விசையை இழுத்தேன். டக். அடுத்த குழல். டக். பன்றி நிமிர்ந்து பார்த்தது. குடை விரியாமல் அல்லாடுகிறவனை வழியில் போகிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள், அப்படி. பிறகு குனிந்து மரவள்ளியைத் தோண்ட ஆரம்பித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபம் இல்லை, நிம்மதி. ஐந்து குட்டி. அந்த நிம்மதியை யாரிடம் சொல்வது, இருபத்தேழு வருஷம் ஆசைப்பட்டவன்? அதை மறைக்க வேகமாக இறங்கினேன், கால் வழுக்கியது, பலாமரம் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நாலு கோடு போட்டு அனுப்பியது. கீழே டீக்கடையில், "என்ன மாமா கையில?" என்று ஒருத்தன் கேட்டான். பலாமரம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சிறுத்தை," என்றது வாய்.

அது வளர்ந்துவிட்டது. வளராமல் என்ன செய்யும், எல்லாரும் சோறு போட்டார்கள். அடிபட்ட சிறுத்தை தொள்ளாயிரம் அடிப் பள்ளத்தில் விழுந்தது என்று சொன்னேன், யாரும் இறங்க முடியாத பள்ளமாகப் பார்த்துச் சொன்னேன். ஆடியில் அது ஆறடி. பொங்கலுக்கு ஏழரை. மூன்று நாள் பள்ளத்திலிருந்து உறுமல் கேட்டது என்று நான் சொல்லவில்லை, பூசாரி சொன்னார், கேட்டவர் அவர். அடுத்த சித்திரையில் வனப்பேச்சி கோவிலில் முதல் பரிவட்டம் எனக்கு. காட்டுத்தாயின் பிள்ளைகளைக் காத்தவன் என்று கட்டினார்கள். பட்டுத்துணி நெற்றியில் இறுகியபோது, ஆமாம், அங்கே கொஞ்சம் கனம் இருந்தது, வேறு மாதிரிக் கனம். துப்பாக்கியை மதுரைக்கு எடுத்துப்போய்ச் சரிபண்ணியிருக்கலாம். சிறுத்தை சுட்ட துப்பாக்கி சுடவில்லை என்று எந்தக் கடையில் போய்ச் சொல்வது? அப்புறம் பன்றி வராமலா இருந்தது? வந்தது. வெடி போட்டோம். தீபாவளிக்கு விற்கிற அணுகுண்டு வெடி, சணல் சுற்றின பச்சை உருண்டை. அதுவும் நான் போடவில்லை, எனக்குக் கை நடுங்கும். காமுத்தாய்தான் ஊதுபத்தியைப் பற்றவைத்து, திரியைக் கிள்ளி, கல்லுக்கடியில் வைத்து, சேலையை இடுப்பில் செருகி, பாறைக்குப் பாறை ஓடி ஓடி வைப்பாள். ஒன்று மேட்டுக்கு, ஒன்று ஓடைக்கு, இரண்டு கணவாய்க்கு. நான் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உச்சிப்பாறையில் நிற்பேன். முப்பத்தைந்து வருஷம் எங்கள் மலையில் பன்றி இறங்காததற்கு அவள் காரணம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எனக்கு மிளகு அனுப்புவார்கள். இன்று காலையில் துப்பாக்கியைச் சேலையில் சுற்றிக்கொண்டே சொன்னாள், "ஏய்யா மனுசா, பொய் சொல்லி இம்புட்டுத் தூரம் வந்தாச்சு. இன்னைக்கு ஒருநாள் நெசத்தச் சொல்லிட்டு வாங்க. ஜெயிலுக்குப் போனீகன்னா பஸ் மாறி வந்து பாக்க என்னால ஆகாது." அவ்வளவு லேசாகச் சொன்னாள். கண்ணைப் பார்க்காமல் முடிச்சை இழுத்தாள். முடிச்சு இறுகிப்போய்விட்டது, இப்போது நகத்தால் கிள்ளுகிறேன், வரவில்லை.

"என்னண்ணே, சேலையைக் கட்டிக் கூட்டியாந்திருக்கீக? துப்பாக்கியா, புதுப்பொண்ணா?" தொட்டப்பன். தேவாரத்துப் பக்கம் பெரிய தோட்டக்காரன், என்னைவிட ஆறு வயது இளையவன், பரிவட்டம் என் தலையில் ஏறும்போதெல்லாம் தன் தலையைத் தடவிப்பார்க்கிறவன். "உன் துப்பாக்கிக்கு மாப்பிள்ளை பாக்கத்தாம்ப்பா," என்றேன். வராந்தா சிரித்தது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை, பாருங்கள், கைதான் முடிச்சை விடவில்லை. அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் ஒன்பதாவது. எழுந்தான், தோளைக் குலுக்கினான், போனான். ஒற்றை யானையின் வால்மயிரை மட்டும் சுட்டு விரட்டின துப்பாக்கி அவனுடையது, அந்தக் கதையை அவன் சொல்லி நான் பதினாறு தடவை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் யானை ஒரு முழம் தள்ளி நிற்கும். கடக். வெகுநேரம் சத்தமில்லை. பிறகு வெளியே வந்தான், துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு. "ஆர்மரர் அசந்துட்டாரு," என்றான் யாரையும் பார்க்காமல். ஒப்படைத்தவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதானே, போகவில்லை, என் பக்கத்திலேயே உட்கார்ந்தான், வேடிக்கை பார்க்க. அப்போது எஸ்.ஐ. அம்மாவே டீ டம்ளரோடு வெளியே வந்தார். இருபத்தெட்டு வயதிருக்கும், என் பேத்தி வயது. "பாக்கி எத்தனை பேரு?" என்றார். தொட்டப்பன் எழுந்து நின்றான். "அம்மா, இவரு யாருன்னு தெரியுமா? சிறுத்தை சுட்ட வீரணன். எங்க மலைக்கே பெருமை." டம்ளர் உதட்டுக்குப் போகாமல் நின்றது. "சிறுத்தையா?" "ஆமாம்மா. ஏழரை அடி." "எட்டு," என்றது என் வாய்.

என் வாயை என்ன செய்வது? இத்தனை வருஷம் தீனி போட்டு வளர்த்த வாய், எஜமான் சொன்னபடி கேட்குமா? எஸ்.ஐ. அம்மா டீயைக் கீழே வைத்தார். "சிறுத்தையைச் சுட்டா எத்தனை வருசம் உள்ள இருக்கணும்னு தெரியுமா பெரியவரே?" குரலில் சூடு இல்லை, அதுதான் பயம். "முறை வரட்டும். உள்ள வாங்க, பேசுவோம்." போனார்.  தொட்டப்பன் முகம் செத்துப்போயிற்று, அவன் என்னைச் சிக்கவைக்க நினைக்கவில்லை, பாவம், கொஞ்சம் கூச்சப்படவைக்கத்தான் நினைத்தான். "அண்ணே, அது பழைய கதைன்னு சொல்லிருங்க, கேஸ் நிக்காது," என்று காதில் சொன்னான். நான் கேட்கவில்லை. ஜெயில் கம்பி எப்படி இருக்கும்? குழல் மாதிரி இருக்கும், நிறையக் குழல்கள், நெட்டாக நிறுத்தியது. காமுத்தாய் பஸ் மாறி வருவாள். வரமாட்டேன் என்று சொன்னாலும் வருவாள், தூக்குச்சட்டியோடு, மூட்டுவலியோடு, வெயிலில். போதும். சட்டைப் பையில் மனு இருக்கிறது, நேற்று நானே எழுதியது, துப்பாக்கியைத் திரும்பப் பெற விருப்பமில்லை, லைசென்சை ரத்து செய்யவும் என்று. தொட்டுப்பார்த்துக்கொண்டேன். எட்டு என்று சொன்ன வாய் இன்றோடு சரி. கடக். பத்தாவது ஆள். இப்போது நான்.

"வீரணன்!" எழுந்தேன். முழங்கால் சொடுக்கியது. துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டேன். ஒன்று. இரண்டு. வாசல்படி. நாலு. இது என்ன, எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஏழு, எட்டு, ரைட்டர் மேசை, சிவப்புத் துணி சுற்றின பெட்டி, பதினொன்று, பன்னிரண்டு, பனி இல்லை, ஆனால் கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக இருக்கிறது, புரையோ என்னவோ. பதினாறு. அப்போது வந்தது. நம்புங்கள். என் கையில் அந்தக் கனம் வந்தது. சுமை இல்லை, கனம், அதே ஏலத்தோட்டத்துக் கனம், உள்ளங்கையிலிருந்து தோள் வரைக்கும் ஏறியது. அறுபத்திரண்டு வருஷம் எங்கே போயிருந்தாய் என்று கேட்கலாம் போலிருந்தது. அடுத்தவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும்போதுதான் அது வரும் போலிருக்கிறது, வைத்துக்கொள்ளும்போது வராது. இருபது. மேசைமேல் வைத்தேன். இந்தத் தடவை யாரும் பிடுங்கவில்லை. "அம்மா," என்றேன், குரல் கொஞ்சம் கூடத்தான் வந்துவிட்டது, ஜன்னலில் தொட்டப்பனும் மற்றவர்களும் முகத்தை ஒட்டிக்கொண்டார்கள், "நான் சிறுத்தையைச் சுடலை. சிறுத்தையைப் பார்த்ததுகூட இல்லை. பார்த்தது பன்னி. அதையும் சுடலை. இது வெடிக்காத துப்பாக்கி." எஸ்.ஐ. அம்மா நிமிர்ந்தார். "இப்பத்தானே எட்டடின்னீங்க?" "அது வாய்ம்மா. இது நான்." ஜன்னலில் கொல்லென்று சிரிப்பு. "பாருய்யா, எப்படி மாத்துறாரு!" "போலீசுக்கே கதை விடுறாருய்யா!" எஸ்.ஐ. அம்மா ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

ஆர்மரர் நரைத்த மீசைக்காரர், தேவசகாயம் என்று நெஞ்சில் பெயர். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், வரவில்லை, கத்தரித்தார். மடக்கினார், கடக், இந்தத் தடவை பிடித்துக்கொள்ள முடிச்சு இல்லை. டார்ச் அடித்தார். கண்ணை எடுத்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி பார்த்தார். திருப்புளியால் எதையோ கழற்றி உள்ளங்கையில் வைத்தார். "அம்மா, இங்க பாருங்க. தோட்டாவைக் குத்துற முள்ளு. ரெண்டுமே கட்டை. செய்யும்போதே கட்டையாச் செஞ்சிருக்கான். எத்தனை தடவை விசையை இழுத்தாலும் தோட்டாவைத் தொடாது. கம்பெனி கிரீஸ் காய்ஞ்சு அப்படியே இருக்கு. குழல் ரெண்டும் முகம் பாக்கிற கண்ணாடி." என் தோட்டாப் பெட்டியைத் திறந்தார். வாங்கின பத்தும் ஊறி உப்பிப்போய்ப் படுத்திருந்தன. எஸ்.ஐ. அம்மா குழல் வழியாக ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். "தாத்தா," என்றார். பெரியவர் போய்த் தாத்தா ஆகிவிட்டேன். "இதை வச்சுக்கிட்டா முப்பத்தஞ்சு வருசம்? சரி பண்ணியிருக்கலாமே?" இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை, காமுத்தாய்கூட. வாய் ஒரு கதையோடு தயாராக வந்தது, அதைத் தள்ளி நிறுத்தினேன். "சரி பண்ணியிருந்தா சுடவேண்டி வந்திருக்கும்மா," என்றேன். மின்விசிறி சுற்றியது. ஆர்மரர் தலையைக் குனிந்துகொண்டு, தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "இன்னைக்குப் பத்துத் துப்பாக்கி பாத்தேன். மூணுதான் சுட்டது. ஒண்ணுக்குள்ள குளவி கூடு கட்டிக் குடியிருக்கு, மண்ணு கல்லாட்டம் இறுகிப்போச்சு," என்றார். எந்த ஒன்று என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் மேசையோரம் படுத்திருந்த ஒரு துப்பாக்கியின் குழல்வாயில் செம்மண் ஒட்டியிருந்தது, கழுத்து அட்டையில் எண் ஒன்பது. வலது கண்ணில் எனக்குப் புரை இல்லை என்று முதலிலேயே சொன்னேன். எஸ்.ஐ. அம்மா என் மனுவை வாங்கிப் படித்துக் கையெழுத்துப் போட்டார். "கேஸ் ஒண்ணும் இல்லை. போயிட்டு வாங்க தாத்தா. இனிமே சிறுத்தை, புலின்னு ஏதாவது கேள்விப்பட்டேன்…" "கேள்விப்பட மாட்டீகம்மா," என்றேன்.

வெறுங்கையோடு வெளியே வந்தால் வெயில் சுளீரென்று அடித்தது. அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். "என்னண்ணே, கேஸா?" "இல்லை. நான் சுடலைன்னு சொன்னேன், விட்டுட்டாக." "அது எங்களுக்குத் தெரியாதா, எங்ககிட்ட நெசத்தச் சொல்லுங்க." "நெசந்தாம்ப்பா அது. வெடிக்காத இரும்பு. சிறுத்தையே கிடையாது. பலாமரம்." ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், வராந்தா ஓடு அதிர்ந்தது. "போலீசு வாயிலயே மண்ணப் போட்டுட்டாருய்யா!" பின்வரிசையில் ஒருத்தர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன், பலாமரம், பலாமரம். சொல்லச் சொல்லச் சிறுத்தை வளர்ந்தது, ஒன்பது அடிக்குக் குறையாமல் என் பின்னாலேயே வந்து நின்றது. தொட்டப்பன் மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, "துப்பாக்கியே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டீகளாமே, ஏட்டு சொன்னாரு. சுட்ட பாவம் உறுத்துதாண்ணே?" என்றான். அவன் கண்ணில் நீர் நின்றது. என் நாக்கு நுனியில் குளவி வந்து உட்கார்ந்தது. ஒரு சொல் போதும், ஒன்பதாம் நம்பர் என்றால் போதும், யானை, வால்மயிர் எல்லாம் உதிர்ந்துபோகும். விழுங்கிவிட்டேன். கொட்டிக்கொண்டேதான் உள்ளே போயிற்று. "ஆமாப்பா, உறுத்துது," என்றேன், அது பொய் இல்லை.

பஸ் ஸ்டாண்டு நோக்கி நடக்கிறேன். கை லேசாக இருக்கிறது, வீசத் தெரியாமல் வீசுகிறது. காமுத்தாய் வாசலிலேயே கேட்பாள், சொன்னீகளா? சொன்னேன். நம்புனாகளா? போலீசு நம்புச்சு, ஊரு நம்பலை. அவள் முழங்காலைத் தடவிக்கொண்டு சிரிப்பாள், அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டும். ஆனால் முடிவு முடிவுதான். திருவிழாவுக்கு இன்னும் பதினோரு நாள். பரிவட்டம் என் தலைக்குத்தான் வரும், யார் தடுத்தாலும் வரும். வந்ததும் கழற்றப்போகிறேன். கழற்றிக் கூட்டத்துக்குள் போய் அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, வெடிப்புகையில் முப்பத்தைந்து வருஷம் முன்மயிர் கருகின அந்த நெற்றியில் இறுக்கிக் கட்டப்போகிறேன், அவளே போட்ட முடிச்சு மாதிரி, கத்தரித்தால்தான் வரும்படியாக. ஏன் என்று பூசாரி கேட்பார். வெடி போட்டவள் இவள் என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், முடிச்சு விழுந்தால் சரி. அதோ பஸ். ஒன்று மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன், கும்பிட்டுக் கேட்கிறேன். பலாமரத்தை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், கட்டை முள்ளைச் சொல்லுங்கள், காமுத்தாயின் ஊதுபத்தியைக் கட்டாயம் சொல்லுங்கள். குளவியை வேண்டுமானால் விட்டுவிடுங்கள், பாவம். ஆனால் சொன்னது யார் என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். வீரணன் சொன்னான் என்று ஒரு வார்த்தை வந்ததோ, இத்தனை உண்மையும் வீணாய்ப் போய்விடும்.